ஜெர்மன் விமானப்படை யூனிட் வரலாறு: 1944 வந்தா ஏன் இவ்ளோ ஓட்டை?

கேள்வி: லுஃப்ட்வாஃபே (ரெண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் விமானப்படை) ஃபைட்டர் யூனிட் புக்குல எல்லாம் 1943 வரைக்கும் எந்த விமானம், யாரு ஓட்டுனது, சீரியல் நம்பர் என்னன்னு புட்டுப் புட்டு வைக்கிறாங்க, 1944 வந்ததும் பாதி பேருக்கு ஒரே வரியில முடிச்சுடுறாங்க. ஏங்க இப்படி?

பதில்: 1945ல தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் அவங்களே ஃபைல்களை மலை மலையா கொளுத்திட்டாங்க. எல்லாரும் நம்பி எழுதுறது குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரலோட (விமானப்படை சப்ளையை பாத்துக்கிட்ட தலைமை அதிகாரி) லாஸ் லிஸ்ட், அதாவது விமான இழப்புப் பட்டியல்தான். அதுல சேதம் எத்தனை சதவீதம்னு கூட போட்டிருப்பாங்க, 60க்கு மேலன்னா விமானம் கணக்குலேர்ந்து அவுட். அதுவே 1943 கடைசி வரைக்கும்தான் ஓரளவு முழுசா தப்பிச்சிருக்கு.

பதில்: ஃபைட்டராவது பரவால்ல சார், ஸ்டாலின்கிராடுல மாட்டிக்கிட்ட ஜெர்மன் படைக்கு சாப்பாடு தூக்கிட்டுப் போன யுங்கர்ஸ் 52 சரக்கு விமான யூனிட்டுங்கள பத்தி தேடிப் பாருங்க, அப்ப தெரியும். ஸ்டார் பைலட் இல்லன்னா எழுதவும் ஆள் இல்ல.

பதில்: பிரிட்டன்காரங்க ப்ளெட்ச்லி பார்க்ங்கிற இடத்துல உடைச்ச எனிக்மா (ஜெர்மன் ரகசிய குறியீட்டு மெஷின்) மெசேஜ் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்துல இருக்கு, அதையும் பைலட் குடும்பங்கள்கிட்ட மிஞ்சுன லாக்புக்கையும் (பைலட் தான் பறந்ததை எழுதி வைக்கிற நோட்டு) வச்சு கொஞ்சம் ஒட்டுப் போடலாம். ஆனா லாக்புக்ல அவரு பறந்தது மட்டும்தான் இருக்கும், பக்கத்துல பறந்தவன் விழுந்தானாங்கிறது பெரும்பாலும் இருக்காது.

கேள்வி கேட்டவர்: அட, அப்ப எழுதுனவங்கள திட்டுனது தப்புதான் போல 😅