தேய்த்த பிறகு தெரிந்த ‘சிசி’

ஒஹாயோவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி காலமான பிறகு, அவர் மகள் வீட்டுச் சாமான்களை விற்றார். புத்தக அலமாரி வாங்கப் போன நான், பிஸ்கட் டப்பாவில் கறுத்துக் கிடந்த பதினோரு வெள்ளி டாலர்களையும் வாங்கி வந்தேன். வெள்ளி மதிப்புக்கே கொடுத்தார். அந்தக் கணக்கு எளிது. ‘மார்கன் டாலர்’ எனப்படும் இந்தப் பழைய வெள்ளி டாலரின் எடை 26.73 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, மீதி செம்பு. ஒரு நாணயத்தில் சுமார் 24 கிராம் வெள்ளி இருக்கும்.

அன்று இரவு செய்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. சமையல் சோடாவைக் குழைத்து, பழைய பல்துலக்கியால் ஒன்றைத் தேய்த்தேன். சுதந்திர தேவியின் கன்னம் பளபளவென்று வந்தது. சரி, பின்பக்கமும் தேய்ப்போம் என்று திருப்பினேன். கழுகைச் சுற்றிய இலை வளையத்தின் முடிச்சுக்குக் கீழே, கறுப்பு விலகிய இடத்தில், கடுகு அளவில் இரண்டு எழுத்து: சிசி. ஆண்டு 1891. நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலை. 1870 முதல் 1893 வரைதான் அங்கே நாணயம் அடித்தார்கள், அதனால் அந்த எழுத்துக்குத் தனி மவுசு.

நாணயக் கடைக்காரர் அதை விளக்கடியில் மெல்லச் சாய்த்து, லென்ஸை என்னிடம் நீட்டினார். கன்னம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். அச்சில் அடித்தபோது வந்த மினுமினுப்பு போய்விட்டால் திரும்ப வராதாம். தேய்க்காத நாணயத்துக்குத் தருவதில் பாதிகூட அவர் தரவில்லை. மற்ற பத்தையும் தொடாமல் வைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் தேய்க்காதீர்கள். தண்ணீர்கூட வேண்டாம். விளிம்பைப் பிடித்து, முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்.

*

மேலே எழுதியவரின் வருத்தம் புரிகிறது. என் அனுபவம் வேறு. கலிஃபோர்னியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 1870களின் ‘டிரேட் டாலர்’ ஒன்று வாங்கினேன். ஆசிய வணிகத்துக்கென்றே, முக்கியமாகச் சீனாவுக்காக, அமெரிக்கா அடித்த நாணயம் அது. ‘420 கிரெயின்’ என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். அதாவது 27.2 கிராம். வீட்டில் நகைத் தராசில் வைத்தால் 22 கிராம்கூட இல்லை. குளிர்பதனப் பெட்டிக் காந்தத்தை அருகில் கொண்டுபோனேன், ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் பித்தளையும் ஒட்டாது, அதனால் காந்தத்தை மட்டும் நம்பாமல் தராசையும் நம்புங்கள். இப்போது சட்டைப் பையில் ஒரு சின்னத் தராசு இல்லாமல் சந்தைக்குப் போவதில்லை.

சில்லறையில் தேடுபவர்களுக்கு: அமெரிக்காவின் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சென்ட் நாணயங்களில் 1964 வரையிலான ஆண்டு இருந்தால் வெள்ளி. விளிம்பில் செம்புக் கோடு தெரியாது.

*

எத்தனை அடித்தார்கள் என்பதை வைத்தே மதிப்பை முடிவு செய்துவிடாதீர்கள். 1918இல் பிட்மன் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அதனால்தான் லட்சக்கணக்கில் அடித்த சில நாணயங்கள்கூட இன்று தேடினாலும் கிடைப்பதில்லை.

உருக்கிய வெள்ளியில் பெரும்பகுதி போனது இந்தியாவுக்கு. முதல் உலகப் போர்க் காலத்தில் நம் மக்கள் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டார்கள், பிரிட்டிஷ் அரசிடம் வெள்ளி இல்லை. அமெரிக்கா கொடுத்தது. உருக்கியதை ஈடுகட்டத்தான் 1921இல் மறுபடி மார்கன் டாலர் அடித்தார்கள்.

என் கொள்ளுப்பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆண்டு 1919. அதில் எந்த ஊர் டாலர் கரைந்திருக்கிறதோ! ஒரு 1921 மார்கனை வாங்கி, இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருக்கிறேன்.