புதுப்பிப்பு: சித்தப்பாவின் கணினியும் பூட்டனாரின் பெயரும்

தக்கலையில் இருக்கும் என் சித்தப்பாவின் பழைய கணினியில், படமெடுத்து ஏற்றப்பட்ட லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பின் பழைய ஆண்டறிக்கைகள் திறக்காமல் உறைந்துவிடுகின்றன என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நண்பர்கள் சொன்னபடி வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் பொருத்தி, பெரிய பிடிஎஃப் கோப்புகளைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்ததில் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் அந்த அறிக்கைகளில் நாங்கள் தேடும் பூட்டனாரின் (கொள்ளுத்தாத்தாவின்) பெயரைத் தேடல் பெட்டியில் எப்படித் தட்டினாலும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் நெய்யூர்ப் பக்கம் உபதேசியாராக (சபையில் வேதம் போதிக்கும் ஊழியராக) இருந்தவர். தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் ஊழியர்கள் பலருக்கு, அவர்களுடைய சம்பளத்தை ஏற்றுக்கொண்ட இங்கிலாந்து நன்கொடையாளர்களின் பெயரே சூட்டப்பட்டது. அறிக்கைகளிலும் அந்தப் பெயரே அச்சாகும். ஆகவே ஆள்பெயரை விட்டுவிட்டு ஊர்ப்பெயரை வைத்துத் தேடுமாறு சித்தப்பாவிடம் சொன்னேன். படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சைத் தப்பும் தவறுமாகவே வாசிக்கும் என்பதால், அவர் பக்கம் பக்கமாகவும் கண்ணோட்டினார். எந்த மென்பொருளையும்விட அந்தப் பொறுமையே எங்களுக்கு உதவியது என்பேன்.

ஊர், பணி இரண்டும் பொருந்தும் ஓர் ஆங்கிலப் பெயர் கிடைத்திருக்கிறது. அதை உறுதிசெய்ய அத்தை வீட்டிலுள்ள பழைய சொத்துப் பத்திரத்தைப் பார்க்கிறோம். அது மலையாளத்தில், கேரளத்து ஆண்டு முறையான கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டது. ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 824, அதற்குப் பிந்தையதற்கு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். மலையாளம் வாசிக்கத் தெரிந்த களியக்காவிளை மாமா ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.