ஆப்பிள் சைடர் வினிகர்: எடை குறைய எவ்வளவு, எப்போது, எப்படிக் குடிக்கணும்?

நீலவானம்:
எடை குறைய ஆப்பிள் சைடர் வினிகர் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். காலையில வெறும் வயித்துலயா, சாப்பாட்டோடயா? ஒரு நாளைக்கு எத்தனை மி.லி.? "மதர்" இருக்கிற பாட்டில்தான் வேணுமா, மாத்திரை போதுமா? சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவங்க குடிக்கலாமா? அளவோட சொல்லுங்க.

வேம்பு:
முதலில் எவ்வளவு குறையும் என்பதைப் பாருங்கள். 2009-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், பருமனானவர்கள் 12 வாரம் தினமும் 15 அல்லது 30 மி.லி. வினிகர் எடுத்தார்கள். குறைந்தது சுமார் 1 முதல் 2 கிலோ. நிறுத்தியதும் மறுபடி ஏறத் தொடங்கியது. பலரும் பகிரும் 6–8 கிலோ கணக்கு 2024-ல் வந்த லெபனான் ஆய்வுடையது. அதன் புள்ளிவிவரங்களில் கோளாறு இருப்பதாகச் சொல்லி, வெளியிட்ட இதழே 2025-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்தக் கணக்கை நம்பி யாரும் இறங்காதீர்கள்.

அளவு: முதல் வாரம் 1 டீஸ்பூன் (5 மி.லி.), ஒரு பெரிய டம்ளர் (250 மி.லி.) தண்ணீரில். எரிச்சல் இல்லையென்றால் அடுத்த வாரம் 2, பிறகு 3 டீஸ்பூன். 30 மி.லி.யைத் தாண்ட வேண்டாம். அதையும் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். மாவுச்சத்து அதிகமுள்ள வேளையோடு எடுப்பதுதான் பொருத்தம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் அந்த உணவுக்குப் பின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும். வெறும் வயிற்றில் குடிப்பதால் தனிப் பலன் இல்லை, குமட்டல்தான் கூடும். "பசியே எடுக்கல" என்று சிலர் சொல்வது பெரும்பாலும் அந்தக் குமட்டல்தான்.

தேன் கலந்தால் கணக்கே மாறிவிடும். 15 மி.லி. வினிகரில் 3 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூன் தேனில் 60-க்கு மேல்.

பல்வரிசை:
பல்லைப் பத்தி யாரும் சொல்லலையே! வினிகரோட பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டுற எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 3-க்குப் பக்கம். 5.5-க்குக் கீழ போனாலே எனாமல் கரைய ஆரம்பிக்கும். அரைமணி நேரம் உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறதுதான் ரொம்பக் கெடுதல், ஏன்னா அவ்வளவு நேரமும் பல் அமிலத்துலயே ஊறுது. ஸ்ட்ரா போட்டுச் சீக்கிரம் குடிச்சு முடிங்க, உடனே வெறும் தண்ணியில கொப்பளிங்க. ஒரு மணி நேரம் பல் தேய்க்காதீங்க; மிருதுவான எனாமலை பிரஷ் சுரண்டிடும். படுக்கப் போறப்போ வேண்டவே வேண்டாம். தூக்கத்துல உமிழ்நீர் குறைவு, படுத்தா அமிலம் மேல எதுக்களிக்கும்.

என்னைக் கேட்டா, குடிக்கவே தேவையில்லை. காய்கறி சாலட்ல ஒரு டேபிள்ஸ்பூன் ஊத்திக்கங்க. அதே அமிலம்தான், பல்லுக்கும் தொண்டைக்கும் பாதிப்பு குறைவு.

வேம்பு:
மதர் என்பது செல்லுலோஸும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம். எடைக்கு அதனால் பயன் என்று நிரூபணம் இல்லை. லேபிளில் 5% அமிலம் இருந்தால் போதும். மாத்திரை வேண்டாம்: உள்ளே இருக்கும் அமிலமும் லேபிளும் ஒத்துப்போவதில்லை, தொண்டையில் சிக்கினால் புண்ணாகும்.

சர்க்கரை நோய்: இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற மருந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். பல வருட நோயால் இரைப்பை ஏற்கெனவே மந்தமாகியிருந்தால் வினிகர் அதை இன்னும் மந்தமாக்கும். இன்சுலின் வேலை செய்யும் நேரத்தில் உணவு குடலுக்கே போயிருக்காது. மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை, டிகாக்சின் (இதய மருந்து) எடுப்பவர்களும் அப்படியே, பொட்டாசியம் குறையும் அபாயம் இருக்கிறது.

நீலவானம்:
நன்றி. நெஞ்செரிச்சல் வந்தா கொஞ்சம் பேக்கிங் சோடா சேர்த்துக் குடிக்கலாமா?

பல்வரிசை:
சோடா அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் அசிடேட்டா மாத்திடும். உடம்புல உப்புதான் ஏறும், ரத்த அழுத்தம் இருக்கிறவங்களுக்கு ஆகாது. எரிச்சல் வந்தா நிறுத்திடுங்க. அல்சர், எதுக்களிப்பு இருந்தா தொடங்கவே வேண்டாம். விழுங்கும்போது வலி, கறுப்பா மலம் போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே டாக்டரைப் பாருங்க.