லோட்டஸ் எலான் மறுசீரமைப்பு: ரப்பர் கப்ளிங்கைக் காப்பதா, சி.வி. ஷாஃப்டுக்கு மாறுவதா?

பட்டறைவாசி:
1960களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட லோட்டஸ் எலான் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் பிரித்து வைத்திருக்கிறேன். கண்ணாடியிழை பாடியைச் சேசிஸிலிருந்து தூக்கியாயிற்று; எஞ்சினும் வெளியே வந்துவிட்டது. திரும்பப் பூட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பின்சக்கரங்களுக்குச் செல்லும் டிரைவ் ஷாஃப்டுகளின் முனைகளில் உள்ள ரோட்டோஃப்ளெக்ஸ் ரப்பர் கப்ளிங்குகள் நான்கும் வெடித்துவிட்டன. அவற்றை நீக்கிவிட்டு சி.வி. ஜாயிண்ட் (கோணம் மாறினாலும் சீரான வேகத்தில் சுழலும் உலோக மூட்டு) உள்ள ஷாஃப்டுகளைப் பொருத்தவும், தொடுமுனைகள் திறந்து மூடிப் பொறியெழுப்பும் பாயிண்ட் இக்னிஷனுக்குப் பதிலாக மின்னணு இக்னிஷன் வைக்கவும் எண்ணுகிறேன். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் கோபுரங்களின் அடிப்பகுதியைத் துரு தின்றிருப்பதால், சேசிஸையே புதிதாக வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். இந்த வண்டி காட்சிக்கு அல்ல, ஓட்டுவதற்கு. மாற்றுக் கருத்துகளையும் கேட்ட பிறகே பாகங்களை வரவழைக்க விரும்புகிறேன்.

மூலவடிவம்:
முதல் மாற்றத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். எலான் 1962இல் வெளிவந்தபோது, ஏறத்தாழ 680 கிலோ எடையில் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிச் சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட வண்டியாக இருந்தது. அந்த எடை தற்செயலாகக் கிடைத்ததன்று. லோட்டஸைத் தொடங்கிய கொலின் சாப்மனின் நிறுவனத்தில் ரான் ஹிக்மன் வடிவமைத்த அந்த வண்டியில் ஒவ்வொரு பாகமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேலையைச் செய்கிறது. ரப்பர் கப்ளிங் ஷாஃப்டைத் திருப்புகிறது, சக்கரம் மேலும் கீழும் அசையும்போது வளைந்து கொடுக்கிறது, கிளட்சை விடும் கணத்தில் எழும் அதிர்ச்சியையும் தானே வாங்கிக்கொள்கிறது. அதை அகற்றிவிட்டால் அந்த அதிர்ச்சி, பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலின் வெளியேறு ஷாஃப்டுகளுக்கும், டிஃபரன்ஷியலைப் பிடித்திருக்கும் தாங்கிகளுக்கும் நேரே போய்ச் சேரும். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த சேசிஸில் அந்தச் சுமை எங்கே வெளிப்படும் என்பதை ஆராயாமல் ஷாஃப்டை மட்டும் மாற்றுவது மேம்பாடு ஆகாது.

சாலையோட்டி:
கப்ளிங் அதிர்ச்சியை வாங்குகிறது என்பது உண்மைதான். வாங்கிய விசையைச் சுருள்போல் தேக்கிவைத்துத் திருப்பித் தருகிறது என்பதும் உண்மை. எலானை முதன்முதலாக ஓட்டுபவர்கள் மெதுவான வேகத்தில் வண்டி முன்னும் பின்னும் துள்ளுவதாகச் சொல்வதற்கு அதுவே காரணம். ஆனால் என் கவலை சொகுசைப் பற்றியதல்ல. ரப்பர், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் முதுமை அடையும். மேற்பரப்பில் விழும் வெடிப்பைக் கண்ணால் பார்த்துவிடலாம். ரப்பரும் உள்ளேயுள்ள உலோகமும் ஒட்டியிருக்கும் இடம் விட்டுப்போவதை எல்லா நேரமும் பார்க்க முடியாது. அது வேகத்தில் பிரிந்தால், ஒரு முனை கழன்ற ஷாஃப்ட் சுழன்றபடியே சேசிஸையும் அருகில் இருப்பவற்றையும் அடிக்கும். இன்று கிடைக்கும் மாற்றுக் கப்ளிங்குகளின் தரமும் ஒரே சீராக இல்லை. சில நீண்ட காலம் உழைக்கின்றன, சில விரைவிலேயே வெடிக்கின்றன. ஓட்டுவதற்காகவே வைத்திருக்கும் வண்டியில் இந்த நிச்சயமின்மையை ஏன் சுமக்க வேண்டும்?

மூலவடிவம்:
நீங்கள் விவரிப்பது பராமரிக்கப்படாத கப்ளிங்கின் முடிவு. இதே வண்டியின் முன்பக்கத்தைப் பாருங்கள். டிரையம்ஃப் நிறுவனத்தின் பாகங்களிலிருந்து வந்த அந்த அச்சுத்தாங்கிகளின் கீழ்முனையில் மரை வெட்டிய டிரன்னியன் என்னும் திரும்பு மூட்டு இருக்கிறது. அதற்குக் கெட்டியான கிரீஸ் அல்ல, 90 தரக் கியர் ஆயில் செலுத்த வேண்டும். எண்ணெய் வற்றி மரைக்குள் துரு ஏறினால் அச்சுத்தாங்கி முறிந்து சக்கரம் மடிந்துவிடும். அதற்காக யாரும் முன் சஸ்பென்ஷனையே மாற்றச் சொல்வதில்லை. எண்ணெய் விடச் சொல்கிறார்கள். கப்ளிங்கும் அப்படித்தான். டிஃபரன்ஷியலிலிருந்து கசியும் எண்ணெய் ரப்பரில் படாமல் காக்க வேண்டும். பின்சக்கரங்கள் தொங்கும்படி வண்டியை மாதக்கணக்கில் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தால், கப்ளிங்குகள் கோணத்தில் இழுபட்டபடியே கிடக்கும். ஆகவே சஸ்பென்ஷனுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். புதிய கப்ளிங் அதை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பட்டையுடன் வரும். எல்லாப் போல்ட்டுகளையும் முடுக்கிய பிறகே அந்தப் பட்டையை வெட்டி எடுக்க வேண்டும். முதலிலேயே வெட்டிவிட்டு, விரிந்த ரப்பரைக் கம்பியால் நெம்பித் துளைகளை ஒத்துவர வைப்பவர்களின் கப்ளிங்தான் முதலில் கிழிகிறது. இவ்வளவையும் செய்துவிட்டுக் கப்ளிங் நம்பத்தக்கதல்ல என்று சொன்னால் நான் கேட்கத் தயார்.

இழைக்கைவினை:
ஷாஃப்டைப் பற்றிய வாதம் தொடரட்டும். ஆனால் நண்பர் பட்டறைவாசி அதை இரண்டாவதாகவும் சேசிஸை முதலாவதாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். எலானின் சேசிஸ் ஒரு முதுகெலும்புபோல் நடுவே ஓடும் எஃகுப் பெட்டி. கண்ணாடியிழை பாடி துருப்பிடிக்காது என்பதால் உள்ளே சேசிஸ் நலமாக இருப்பதாகவே வெளியிலிருந்து தோன்றும். ஆபத்தும் அதனால்தான். முன் கோபுரங்களுக்குள் இறங்கும் நீர் வடிவதற்கான வழி மண்ணால் அடைபட்டதும், நீர் அங்கேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கத் தொடங்குகிறது. முன் குறுக்குச் சட்டத்துக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மேலெழும்பும் முகப்பு விளக்குகளை இயக்கும் வெற்றிடத்தைத் தேக்கிவைக்கும் தொட்டி அதுவே. வெற்றிடத்தால் விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் வண்டிகளில், எஞ்சினை நிறுத்திய சிறிது நேரத்தில் விளக்குகள் தாழ்ந்துவிட்டால், ரப்பர் குழாய்களை மாற்றுவதோடு நின்றுவிடாமல் அந்தச் சட்டம் உள்ளே துளைபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கோபுரத்தின் அடி தின்றுபோன நிலையில் மேலே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைப்பதை நான் ஏற்க மாட்டேன். சஸ்பென்ஷனின் பிடிபுள்ளிகள் சில மில்லிமீட்டர் விலகினாலும் வண்டியின் நேர்கோட்டு ஓட்டம் கெடும். மெல்லிய தகடு வெல்டிங் சூட்டில் இழுபடவும் செய்யும். பின்னாளில் லோட்டஸ் நிறுவனமே துத்தநாகம் பூசிய மாற்றுச் சேசிஸ்களை வழங்கியது. தேய்ந்தால் மாற்றக்கூடிய உறுப்பாகவே சேசிஸைத் தயாரிப்பாளரும் கருதினர் என்பதற்கு அதுவே சான்று. பாடி தனியே தூக்கி வைக்கப்பட்டிருக்கும் இந்த வாய்ப்பு எளிதில் மறுபடியும் வராது.

மூலவடிவம்:
சேசிஸ் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையுடன். அதே வடிவில் செய்த மடிதகட்டுச் சேசிஸாக இருக்க வேண்டும். குழாய்களை இணைத்துச் செய்யும் வேறு வகைச் சட்டகமாக இருக்கக் கூடாது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், இயன்றவரை பாதுகாத்தல், மாற்றினால் மீளத்தக்கதாக மாற்றுதல், செய்ததை ஆவணப்படுத்துதல் என்ற வழியைக் காட்டுகிறது. பழைய சேசிஸைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பிடிபுள்ளியையும் அளந்து, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையோட்டி:
மீளத்தக்க மாற்றம் என்ற அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். சி.வி. ஷாஃப்ட் போல்ட்டில் மாட்டுவது. எதையும் வெட்டவோ பற்றவைக்கவோ தேவையில்லை. நாளை உங்களைப் போன்ற ஒருவர் அந்த வண்டியை வாங்கினால் ஒரு வார இறுதியில் கப்ளிங்குகளைத் திரும்பப் பொருத்திவிடலாம். அப்படியிருக்க, சேசிஸையே மாற்றச் சம்மதிக்கும் நீங்கள் ஷாஃப்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கடுமை காட்டுகிறீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

இக்னிஷனைப் பற்றியும் சொல்கிறேன், ஏனெனில் அங்கே உயிருக்கே ஆபத்து இருக்கிறது. இந்த 1558 சி.சி. ட்வின் கேம் எஞ்சினில், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்டிரிபியூட்டர் கார்புரேட்டர்களுக்கு நேர் கீழே அமர்ந்திருக்கிறது. இரட்டை வெபர் 40 டி.சி.ஓ.இ. கார்புரேட்டர்கள் பொருத்திய வண்டியில் ஒரு மிதவை சிக்கினாலோ குழாய் இணைப்பு தளர்ந்தாலோ பெட்ரோல் வந்து விழுவது அங்கேதான். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்தே கெடுக்கிறது. கண்ணாடியிழை பாடி எரியத் தொடங்கினால் அணைப்பது மிகக் கடினம். மின்னணு இக்னிஷன் தீயைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் பொறி எப்போதும் இருக்கத்தான் செய்யும். ஆனால் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்ய அந்த நெருக்கத்துக்குள் அடிக்கடி கைவிட்டு இணைப்புகளை அசைக்கும் தேவை இல்லாமற்போகும். குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது அதைவிடவும் அவசரமானது.

எஞ்சின் வெளியே இருப்பதால் இன்னொன்றும்: வாட்டர் பம்ப் டைமிங் செயின் உறையோடு ஒன்றாக இருப்பதால், அது கெட்டால் சிலிண்டர் ஹெட்டையும் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பையும் கழற்ற வேண்டிவரும். தனியாகக் கழற்றத்தக்க பம்ப் கொண்ட உறையை இப்போதே போடுங்கள். எதைப் போட்டாலும் ஃபேன் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். பம்பின் பேரிங்கைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

மூலவடிவம்:
இக்னிஷனை நான் எதிர்க்கவில்லை. அதே மூடிக்குள் மறைந்துவிடும் வகையை வாங்குங்கள்; பாயிண்ட் தகட்டை, இடைவெளி சரிசெய்த நிலையிலேயே, டிக்கியில் வைத்திருங்கள். வாங்குமுன் வண்டியின் மின்சுற்று நேர்முனை எர்த்தா, எதிர்முனை எர்த்தா என்று உறுதிசெய்ய வேண்டும். மாற்றி இணைத்தால் அந்தக் கருவி அந்தக் கணமே போய்விடும். காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தை உணர்ந்து இயங்கும் பழைய டாக்கோமீட்டர்களில் (எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மீட்டர்) சில, மின்னணு இக்னிஷனோடு ஒத்துப்போவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஷாஃப்டைப் பற்றிக் கேட்டீர்கள். சேசிஸை மாற்றும்போது விசை செல்லும் பாதை மாறுவதில்லை. பழைய எஃகு இருந்த இடத்தில் அதே வடிவப் புது எஃகு வருகிறது. ஷாஃப்டை மாற்றும்போது பாதையே மாறுகிறது. போல்ட்டில் மாட்டியதைக் கழற்றிவிடலாம்; இடைப்பட்ட ஆண்டுகளில் டிஃபரன்ஷியல் ஷாஃப்டில் சேர்ந்த களைப்பைக் கழற்ற முடியாது.

பட்டறைவாசி:
மூவருக்கும் நன்றி. சேசிஸைப் பொறுத்தவரை அதே வடிவில் துத்தநாகம் பூசியதை வரவழைக்கிறேன். மின்னணு இக்னிஷனும் தனிப் பம்பும் உறுதி. ஷாஃப்டில் சாலையோட்டியின் பக்கமே சாய்கிறேன். இந்த வண்டி நெடுஞ்சாலையில் என் குடும்பத்தாரோடு ஓடப்போகிறது. ஆனால் மூலவடிவம் எழுப்பிய கேள்விக்கு விடையில்லாமல் பூட்ட விரும்பவில்லை. எதைச் சோதித்தால் போதும்?

மூலவடிவம்:
போதும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் இவற்றையாவது செய்யுங்கள். டிஃபரன்ஷியலின் வெளியேறு ஷாஃப்டுகள் இரண்டையும் கழற்றி, விரிசல் காட்டும் சாயமிட்டுச் சோதியுங்கள். ஐயம் இருந்தால் வலுவான ஷாஃப்டுகளைப் போடுங்கள். டிஃபரன்ஷியல் தாங்கிகளின் ரப்பர்களைப் புதிதாக்குங்கள். ஸ்பிரிங் இல்லாமல் சஸ்பென்ஷனைப் பூட்டி, சக்கரத்தை முழுதாக மேலேற்றியும் முழுதாகக் கீழிறக்கியும் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கோணத்திலும் ஜாயிண்ட் முட்டக் கூடாது, ஷாஃப்டின் நீளம் போதாமல் இழுக்கவும் கூடாது.

சாலையோட்டி:
அதோடு ஜாயிண்டுகளின் ரப்பர் உறைகளையும் ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பாருங்கள். உறை கிழிந்து கிரீஸ் வெளியேறிய சி.வி. ஜாயிண்ட் நெடுநாள் தாங்காது. இந்த ஒரு விஷயத்தில் மூலவடிவம் சொல்லும் பராமரிப்பு ஒழுங்கு என் ஷாஃப்டுக்கும் பொருந்தும்.

இழைக்கைவினை:
பாடியை இறக்குவதற்கு முன்: துத்தநாகம் படிந்த துளைகளின் மரைகளைச் சுத்தம் செய்யுங்கள். பாடியில் பதிந்துள்ள உலோகக் குமிழ்களில் போல்ட்டுகளை எல்லா இடத்திலும் கையால் ஏற்றிய பிறகே சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரு மூலையில் இடைவெளி தெரிந்தால் இறுக்கி மூடாமல் வாஷர் வைத்து நிரப்புங்கள், இல்லையேல் கண்ணாடியிழை நட்சத்திரமாக வெடிக்கும். பாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் கம்பி தனியே போக வேண்டும். பழைய கம்பிகளின் முனைகளைச் சுரண்டித் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், புதிதாகவே போடுங்கள்.