அண்ணாச்சி நினைவாக ஒரு சைக்கிள் பயணம்: எப்படி நடத்தலாம்?

கேள்வி (முட்டுக்காட்டுக்காரன்):

எங்கள் சைக்கிள் குழுவில் எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் ஒருவர் அண்மையில் இறந்துவிட்டார். சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை), ஈஞ்சம்பாக்கம் தாண்டி, விடியற்காலையில். பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்த வண்டி என்று இன்னும் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் நினைவாக அறுபது பேர் போலச் சேர்ந்து ஓட்டலாம் என்று பேச்சு.

குழுவில் பாதிப் பேர் மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும், அவர் படம் போட்ட டி-ஷர்ட், முடித்தவர்களுக்கு மெடல் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அண்ணாச்சி மெடலுக்கு ஓட்டியவர் இல்லை. கேரியர் வைத்த பழைய ஹெர்குலிஸில் விலை கூடிய கார்பன் சைக்கிள்காரர்களுக்குப் பின்னால் தன் பாட்டுக்கு வருவார். யாருக்காவது பஞ்சர் என்றால் முன்னால் போனவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள், இவர்தான் நிற்பார். புது ட்யூப் மாட்டிவிடலாம் என்றால் விடமாட்டார். காற்றடித்த ட்யூபைக் கன்னத்துக்குப் பக்கத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டே வந்து ஓட்டையைப் பிடித்துவிடுவார். உப்புத்தாளால் தேய்ப்பார், சொல்யூஷன் தடவுவார், அப்புறம் "காயட்டும்டே, என்ன அவசரம்" என்று பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆபீசுக்கு நேரமாகிறதே என்று நமக்குத்தான் பதறும்.

அண்ணாச்சியின் மனைவி, மதினியிடம் கேட்டேன். "என்னமும் செய்யுங்க. ஆனா இன்னொரு வீட்டுக்கு இப்படி ஒரு போன் போகக் கூடாது" என்றார்.

எவ்வளவு தூரம் வைக்கலாம்? அவர் விழுந்த இடத்தில் நிற்கலாமா? அவர் சைக்கிள் இன்னும் போலீஸ் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. அதை வாங்கி வெள்ளையடித்து அங்கேயே வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். இதையெல்லாம் நடத்திப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1 (டாலஸ் ரிட்டர்ன்):

நான் அமெரிக்காவில் டாலஸில் வேலை பார்த்தபோது, சாலையில் இறந்த சைக்கிள்காரர்கள் நினைவாக நடக்கும் மௌனப் பயணத்தில் (Ride of Silence) கலந்துகொண்டிருக்கிறேன். அது பிறந்ததே அந்த ஊரில்தான். 2003 மே மாதம் லாரி ஷ்வார்ட்ஸ் என்பவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, கடந்து போன பஸ்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடி இடித்து இறந்துபோனார். நெடுந்தூரம் ஓட்டிப் பழகிய, அனுபவமுள்ள ஆள். அவருடைய நண்பர் கிறிஸ் ஃபெலன் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட, அதே மாதம் ஒயிட் ராக் ஏரிக்கரையில் ஆயிரம் பேர் போலக் கூடிவிட்டார்கள். இப்போது பல நாடுகளில் மே மாதம் மூன்றாவது புதன்கிழமை மாலை 7 மணிக்கு நடக்கிறது.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் விதிகளை. பேச்சு கிடையாது. மணிக்கு 12 மைல், அதாவது 19 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கட்டணம் கிடையாது. இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புத் துணி. தானே வண்டியில் அடிபட்டுப் பிழைத்தவர் என்றால் சிவப்புத் துணி. முதல் தடவை போனபோது இந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஆடிப்போனேன், அத்தனை பேர் கையில் இருந்தது.

வேகம் குறைந்தால் மெடல் பேச்சு தானாகவே அடங்கிவிடும். மெதுவாகப் போவதற்கு யாரும் மெடல் கேட்க மாட்டார்கள்.

பதில் 2 (உத்தண்டி வாசி):

ஏரிக்கரை வேறு, ஈசிஆர் வேறு சார். அறுபது பேர் ஒரே வரிசையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஞாயிறு காலையில் பாண்டிச்சேரிக்குப் பறக்கிற கார்களெல்லாம் உங்களைச் சுற்றி வளைத்துத்தான் போகும். மதினி எதற்குப் பயப்படுகிறாரோ அது நடந்துவிடக் கூடாது. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து இடைவெளி விட்டு அனுப்புங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பின்னால் விளக்கு போட்ட ஒரு பைக். நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். திருவான்மியூரில் ஆரம்பித்து உத்தண்டியில் முடித்துவிட்டால் போதும். அதைத் தாண்டிக் கானத்தூர்ப் பக்கம் போனால் தாம்பரம் போலீஸ் கமிஷனரேட், அங்கேயும் தனியாக அனுமதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டிவரும். விழுந்த இடத்தில் அறுபது பேரும் நிற்காதீர்கள். அவர் மகனும் இரண்டு பேரும் முன்கூட்டியே போய் மாலை போட்டுவிட்டு ஓரமாக நிற்கட்டும், மற்றவர்கள் நிற்காமல் கடந்து போகட்டும்.

சைக்கிள்காரர் இறந்த இடத்தில் வெள்ளை சைக்கிள் வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 2003-இல் தொடங்கியது. அங்கேயே திருட்டுக்குப் பயந்து செயின், பிரேக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் கூட்டைத்தான் பூட்டி வைப்பார்கள். நம்ம ஊரில் கூடும் மிஞ்சாது, காயலாங்கடைக்குப் போய்விடும்.

பதில் 3 (கோர்ட் வராண்டா):

பயணம் இருக்கட்டும், மதினிக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். இடித்த வண்டி தெரியாவிட்டாலும் மோட்டார் வாகனச் சட்டம் 161-ஆவது பிரிவில் நிவாரணம் உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். தாசில்தார் ஆபீசில் கேட்டால் யார் என்று சொல்வார்கள். எஃப்.ஐ.ஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் கையில் இருக்கட்டும். பின்னால் வண்டி கிடைத்து வேறு இழப்பீடு வந்தால் இந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். நிறைய வீடுகளில் இது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

சைக்கிள் வழக்குச் சொத்து. மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் மனுப் போட்டால் திரும்பக் கிடைக்கும். கிடைத்ததும் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், வழக்கு முடியும்வரை அப்படியே இருக்கட்டும்.

முட்டுக்காட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. 161 பற்றி எங்கள் யாருக்கும் தெரியாது. நாளைக்கு அண்ணாச்சி மகனைக் கூட்டிக்கொண்டு தாசில்தார் ஆபீஸ் போகிறேன். பயணம் திருவான்மியூர் முதல் உத்தண்டி வரை என்று குழுவில் போட்டுவிட்டேன். மெடல் கோஷ்டி இறங்கி வந்துவிட்டது, டி-ஷர்ட் மட்டும் இன்னும் இழுபறி. வெள்ளை சைக்கிள் யோசனையைக் கைவிட்டாயிற்று. பின்னால் வர பைக் வைத்திருக்கிற ஆறு பேர் வேண்டும், பேசாமல் வரத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது.