கையேட்டில் ஏறாத தட்டுகள்: கராஜ் ராக் சேகரிப்பவர்களின் அனுபவப் பகிர்வு

சின்சினாட்டியிலிருந்து ஒருவர்:

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடியதை ஏறத்தாழ 7.3 கோடி அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் அந்நாட்டின் சிற்றூர்களில்கூடப் பள்ளி மாணவர்கள் குழு சேர்த்து, 'கராஜ்' எனப்படும் வீட்டின் கார் கொட்டகையில் வாசித்துப் பழகி, கையிலிருந்த பணத்தைத் திரட்டி உள்ளூர் ஸ்டூடியோவில் இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்து, சில நூறு 45 தட்டுகளை (நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டுகள்) அச்சடித்து நடன நிகழ்ச்சிகளில் விற்றார்கள். பிறகு கல்லூரி, வேலை, வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பு என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கமாகப் பிரிந்து போனார்கள். அந்தத் தட்டுகளைத்தான் இன்று நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். பெரிய நிறுவனங்களின் ஆவணங்களில் அவற்றுக்கு இடம் கிடையாது. அவற்றின் வரலாறு முழுவதையும் எழுதியவர்கள் சேகரிப்பாளர்களே என்பதால், இதில் கையேடு என்பது வேறெந்த இசை வகையைக் காட்டிலும் முக்கியமானது என்று நான் நினைக்கிறேன்.

என்னிடம் இரண்டு நூல்கள் எப்போதும் மேசைமேல் இருக்கும். ஒன்று வெர்னன் ஜாய்ன்சன் தொகுத்த 'ஃபஸ், ஆசிட் அண்ட் ஃபிளவர்ஸ்'. 1964 முதல் 1975 வரையிலான அமெரிக்கக் குழுக்களைப் பரவலாகக் காட்டும் நூல் அது. மற்றொன்று மைக் மார்க்கெசிச் பல ஆண்டுகள் உழைத்து 2012இல் வெளியிட்ட 'டீன்பீட் மேஹெம்'. கராஜ் 45களை மட்டும் எடுத்துக்கொண்டு பாட்டுகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண்ணும் தரும் இந்த நூல்தான் சேகரிப்பவர்களிடையே கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. எனக்கு நேர்ந்த அனுபவம் இந்த இரண்டிலும் இல்லாத ஒரு தட்டைப் பற்றியது.

டேட்டன் பக்கத்தில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனைக்குப் போயிருந்தேன். நிலவறையில் இருந்த பெட்டியில் பெரும்பாலும் கிறிஸ்தவப் பக்திப் பாட்டுகளும் கண்ட்ரி இசையும்தான். அவற்றின் நடுவே உறையில்லாமல் ஒரு 45 இருந்தது. லேபிளில் குழுவின் பெயர், இரண்டு பாட்டுகளின் தலைப்பு, அடைப்புக்குள் பாட்டு எழுதியவரின் குடும்பப்பெயர், இவ்வளவுதான். ஊர் இல்லை, முகவரி இல்லை, ஆண்டு இல்லை. வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டினேன், இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ், 45கேட் இணையதளங்களிலும் தேடினேன். எங்கும் அந்தப் பெயர் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் பலர் 'பட்டியலில் இல்லை, ஆகவே மிக அரிது' என்று விலையை ஏற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். தட்டு தன்னைப் பற்றித் தானே சொல்வதைப் படித்த பிறகுதான் அதை அரிது என்றோ அரிதல்ல என்றோ சொல்ல வேண்டும். பாட்டு முடிந்தபின் லேபிள் வரைக்கும் இருக்கும் வெற்று வளையத்தை மேசை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடித்தால் அதில் கீறப்பட்ட எண்கள் தெரியும். என் தட்டின் இரு பக்கங்களிலும் அடுத்தடுத்த எண்கள் இருந்தன. அது ரைட் நிறுவனத்தின் எண்முறை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. சின்சினாட்டியில் இயங்கிய ரைட், தேவாலயக் குழுக்களுக்கும் புளூகிராஸ் பாடகர்களுக்கும் பள்ளிப் பையன்களின் குழுக்களுக்கும் கூலிக்குத் தட்டு அச்சடித்துக் கொடுத்த ஆலை. அங்கே வேலை வந்த வரிசையிலேயே எண் ஏறியதால், ஆண்டு தெரிந்த மற்ற ரைட் தட்டுகளின் எண்களோடு ஒப்பிட்டு நம் தட்டின் காலத்தை நெருக்கமாகக் கணிக்கலாம். என்னிடமிருந்த பக்திப் பாட்டுத் தட்டுகளில் சிலவற்றின் லேபிளில் யாரோ பேனாவால் தேதி எழுதி வைத்திருந்தார்கள். அவற்றின் எண்களுக்கு இடையில் வைத்துப் பார்த்தபோது என் தட்டு 1966இன் பிற்பாதியில் வந்து நின்றது.

அடுத்த படி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் இசைப் பதிவுப் பட்டியல்கள். அந்நாட்டில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டரசுப் பதிப்புரிமை 1972 பிப்ரவரி 15 முதல்தான் வந்தது. அதற்கு முன்பு பாட்டின் இசையமைப்புக்கு மட்டும் பதிவு செய்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவந்த அந்தப் பட்டியல்களில் பாட்டின் தலைப்பும் எழுதியவரின் முழுப்பெயரும் பதிவான தேதியும் இருக்கும். எல்லாக் குழுக்களும் இதற்குப் பணம் செலவழித்ததில்லை, ஆனால் இந்தக் குழுவில் ஒருவருடைய தகப்பனார் கவனமானவராக இருந்திருக்கிறார். முழுப்பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்த பிறகு பொது நூலகத்தில் அந்தக் காலத்துப் பள்ளி ஆண்டு மலர்களைப் பார்த்ததில் கூடவே வாசித்த மூவரின் பெயர்களும் கிடைத்தன.

பாட்டு எழுதியவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். தொலைபேசியில் திடீரென்று அழைப்பதைவிடக் கடிதம் நல்லது என்பது என் கருத்து. பழைய காலத்தைப் பற்றி ஒருவர் யோசித்துப் பதில் சொல்ல அது இடம் கொடுக்கும். அவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் பெயரையும் குழுவின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

அவர் ஒரு சிறிய கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்தார். ஒரு பக்கத்தில் ஸ்டூடியோவுக்குக் கொடுத்த முன்பணம், அதன் கீழே ஒவ்வொரு நடன நிகழ்ச்சியிலும் எத்தனை தட்டு விற்றது என்பது, ஓரத்தில் 'வானொலி நிலையம்: 4 இலவசம்' என்ற குறிப்பு. அச்சடித்தது 300. பாதிக்கு மேல் விற்றிருக்கிறார்கள், மீதி அவருடைய தாயார் வீடு மாறும்போது போய்விட்டது. அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது வேறொரு செய்தி. பதிவு நாளன்று டிரம்ஸ் வாசிப்பவருக்கு உடல்நிலை சரியில்லாததால் ஸ்டூடியோவில் வேறு வேலையாக வந்திருந்த ஒருவர் வாசித்தாராம். இரண்டாவது பக்கப் பாட்டில் தாளம் ஒரு இடத்தில் தயங்கித் தயங்கிச் செல்வதற்குக் காரணம் அதுதான், அந்தப் பாட்டை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறார். அந்தத் தயக்கத்தை வேண்டுமென்றே செய்த புதுமை என்று நான் நண்பர்களிடம் புகழ்ந்திருந்தேன். காரணம் தெரிந்த பிறகும் அந்த இடம் எனக்குப் பிடித்தே இருக்கிறது.

குழுவினர், ஊர், பதிவான மாதம், அச்சடித்த எண்ணிக்கை, வளையத்து எண்கள் எல்லாவற்றையும் எழுதி, இரு லேபிள்களின் படங்களோடு தளங்களில் பதிவேற்றினேன். இந்தக் கையேடுகள் அனைத்தும் இப்படி யாரோ ஒருவர் எழுதி அனுப்பிய செய்திகளால் ஆனவை. அவற்றைப் பயன்படுத்தி வாங்கியும் விற்றும் வருகிறவர்கள், கையில் புதுச் செய்தி கிடைக்கும்போது மற்றவர்கள் போட்டிக்கு வந்துவிடுவார்கள் என்று மறைத்து வைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நியூஜெர்சியிலிருந்து ஒருவர்:

மேலே எழுதிய நண்பர் வளையத்து எண்களைப் பற்றிச் சொன்னதை, விலை கொடுத்து வாங்குபவரின் பக்கத்திலிருந்து தொடர விரும்புகிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக் குழு ஒன்றின் 1966ஆம் ஆண்டுத் தட்டு, முதல் அச்சு என்ற உறுதியோடு இணையத்தில் விற்பனைக்கு வந்தது. விலை என் ஒரு மாத வாடகைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இந்தத் தட்டு பின்னாளில் கள்ளத்தனமாக மறு அச்சிடப்பட்டிருக்கிறது என்ற எச்சரிக்கையை ஏற்கெனவே படித்திருந்தேன், ஆனால் கள்ள அச்சை எப்படி அடையாளம் காண்பது என்பது அங்கே சொல்லப்படவில்லை. அசல் தட்டு மோனார்க் ஆலையில் அச்சானது என்பது மட்டும் தெரியும். மோனார்க் அச்சிட்ட தட்டுகளின் வளையத்தில் ஒரு சிறிய முக்கோணமும் அதையடுத்து வேலை எண்ணும் இருக்கும், அந்த எண்ணும் காலத்தோடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே விற்பவரிடம் வளையத்தின் படத்தையும், லேபிளை மிக அருகிலிருந்து எடுத்த படத்தையும் கேட்டேன்.

லேபிள் படம் முதலில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது எழுத்துகளின் விளிம்பு சிறுசிறு புள்ளிகளாகச் சிதறியிருந்தது. அசல் லேபிளில் மை ஒரே சீராகப் பதிந்திருக்கும். அசலைப் புகைப்படம் எடுத்து அதிலிருந்து மறுபடி அச்சிடும்போதுதான் செய்தித்தாள் படத்தில் இருப்பதைப் போலப் புள்ளிகள் தோன்றும். வளையத்தின் படத்தில் முக்கோணமே இல்லை, லேபிள் எண்ணை மட்டும் யாரோ கையால் கீறியிருந்தார்கள். நான் இதைச் சொன்னதும் விற்பவர் அந்தத் தட்டை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். சில வாரங்கள் கழித்து வேறொரு பெயரில் அதே கீறல் உள்ள அதே தட்டு மீண்டும் வந்தது. தள நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்தினேன்.

புதிதாக வருபவர்களுக்காக இன்னொரு குறிப்பையும் சேர்க்கிறேன். ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியாருக்காக அச்சிட்ட தட்டுகளின் எண் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும், அந்த எழுத்தே ஆண்டைச் சொல்லிவிடும். 'எஸ்' (S) என்றால் 1965, 'டி' (T) என்றால் 1966, 'யூ' (U) என்றால் 1967. கையேட்டில் 1967 என்று போட்டிருக்கும் தட்டில் 'டி' இருப்பதைக் கண்டால் தட்டையே நம்புங்கள். ஆண்டு தெரியாத தட்டுகளுக்குத் தொகுப்பாளர்கள் உத்தேசமாக எழுத வேண்டியிருந்தது, அதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது.

விலைப் பட்டியல் நூல்களை நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். அச்சாகி வருவதற்குள் விலை மாறிவிடுகிறது, ஏலங்களில் உண்மையாக எவ்வளவுக்குப் போனது என்பதைப் பார்ப்பதே போதுமானது.

மிச்சிகனிலிருந்து ஒருவர்:

நான் சொல்ல வருவது 'டீன்பீட் மேஹெம்' தரும் மதிப்பெண்களைப் பற்றி.

எங்கள் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகருக்கு வடக்கே ஸ்பார்ட்டா என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய திரையரங்கில் டேவ் கால்ம்பாக் நடத்திய ஸ்டூடியோவில் அந்த வட்டாரத்துக் குழுக்கள் பணம் கட்டிப் பதிவு செய்தன. அவற்றில் பல ஃபென்டன் என்ற வெளியீட்டுப் பெயரில் வெளிவந்தன. இன்று ஃபென்டன் என்ற பெயரைக் கேட்டாலே சேகரிப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத குழுக்களாக இருந்தாலும் அந்தப் பெரிய கூடத்தின் எதிரொலி அவர்கள் எல்லாரையும் ஒரு குடும்பமாக்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பல ஆண்டுகள் நான் 7க்குக் கீழே மதிப்பெண் பெற்ற எதையும் வாங்கியதில்லை. ஒருமுறை பழைய பொருள் சந்தையில் ஒரு பெண்மணி தன் அண்ணனுடைய தட்டுகளை ஒரு கட்டாகத்தான் தருவேன் என்றார். அதில் நான் தேடிய ஒன்றோடு, கையேட்டில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற இன்னொன்றும் இருந்தது. அதில் இரைச்சலிடும் ஃபஸ் கிதார் இல்லை, கத்தலும் இல்லை. பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் குரல் நடுங்க, பிரிந்து போன பெண்ணைப் பற்றி மெதுவாகப் பாடுகிறான், பின்னால் ஆர்கன் ஒரே மூன்று சுரங்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இன்று நான் அடிக்கடி போடும் தட்டு அதுதான்.

கராஜ் இசை என்றால் முரட்டுத்தனம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியதற்கு, 1972இல் லென்னி கே எலெக்ட்ரா நிறுவனத்துக்காகத் தொகுத்த 'நக்கெட்ஸ்' ஆல்பத்தைவிட அதற்குப் பின் வந்த தொகுப்புகளே காரணம் என்று நினைக்கிறேன். 'நக்கெட்ஸ்' தொகுப்பில் 27 பாட்டுகள், அவற்றில் பல வகைகள் உண்டு. 1980களில் டிம் வாரனின் கிரிப்ட் நிறுவனம் வெளியிடத் தொடங்கிய 'பேக் ஃப்ரம் தி கிரேவ்' வரிசைதான் மிக முரடான பாட்டுகளையே தேர்ந்தெடுத்து நம் செவியைப் பழக்கியது. அந்த வரிசைமேல் எனக்கு அளவற்ற அன்பு உண்டு, மறைந்து போயிருக்க வேண்டிய எத்தனையோ குழுக்களை அது மீட்டது. ஆனால் அதே அளவுகோலை மெதுவான பாட்டுகளின்மேல் வைக்கும்போது அவை தோற்றுத்தான் போகும். மதிப்பெண் ஒரு மனிதரின் காதைக் காட்டுகிறது. அவர் கேட்டது ஆயிரக்கணக்கான தட்டுகள் என்பதால் அதற்கு மரியாதை கொடுக்கிறேன், வாங்குவதற்கு முன் நானும் ஒருமுறை கேட்டுவிடுகிறேன்.

மீண்டும் சின்சினாட்டியிலிருந்து:

பதிவேற்றுவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தார்கள். இரு லேபிள்களையும் நேராக வைத்துப் படம் எடுங்கள், வளையத்து எண்களை ஒரு எழுத்துக்கூட விடாமல் எழுதுங்கள், எது இயந்திரத்தால் பொறித்தது, எது கையால் கீறியது என்பதையும் குறிப்பிடுங்கள். குழுவினர் யாராவது சொன்ன செய்தி என்றால் அதை அவர்களின் கூற்றாகவே எழுதுங்கள், ஏனென்றால் அரை நூற்றாண்டுக்கு முந்தைய நினைவில் ஆண்டு பெரும்பாலும் தவறும்.

இன்னொன்று, லேபிளின்மேல் எழுதியிருப்பதை அழிக்காதீர்கள். பேனா எழுத்து இருந்தால் விற்பவர்கள் அதைக் குறையாகக் காட்டி விலையைக் குறைப்பார்கள். ஆனால் வானொலி நிலையத்தில் தட்டு வந்த நாளைக் குறித்து வைத்த அந்த எழுத்துதான் பல வேளைகளில் நம்மிடம் இருக்கும் ஒரே தேதி. 1966, 1967ஆம் ஆண்டு ரைட் தட்டுகளில் இப்படித் தேதி எழுதியது யாரிடமாவது இருந்தால், எந்த இசை வகையாக இருந்தாலும் சரி, வளையத்து எண்ணோடு இங்கே இடுங்கள். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரே அட்டவணையாக்கித் தருகிறேன்.