பேங்க் வேல்யூயர் ஆக என்னென்ன வேண்டும்?

கோபி சிவில் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊர் கோபி பக்கம். 2016-ல் பி.இ. சிவில் முடித்தேன். அன்றிலிருந்து சைட் வேலைதான். முதலில் பெருந்துறை சிப்காட்டில் ஷெட் வேலை, இப்போது ஈரோட்டில் ஒரு பில்டரிடம்.

போன மாதம் தங்கச்சியின் வீட்டுக் கடனுக்காக, வீட்டுக்கு மதிப்புப் போட பேங்க் வேல்யூயர் ஒருத்தர் வந்தார். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து இரண்டு பக்கம் அளந்தார், நாலு போட்டோ எடுத்தார், அம்மா கொடுத்த மோரைக் குடித்தார், கிளம்பிவிட்டார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு ஸ்லாப் கான்கிரீட்டுக்கு விடிய விடிய நிற்கிறவன் நான். நாமும் இதற்குப் போனால் என்ன என்று அன்றைக்கு வந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

சர்டிபிகேட் யார் கொடுக்கிறார்கள்? பரீட்சை உண்டா? சைட் இன்ஜினியர் அனுபவம் செல்லுமா, இல்லை ஒரு வேல்யூயரிடம் வேலை பார்த்திருக்க வேண்டுமா? கூட வேலை செய்யும் நண்பன் டிப்ளமோ, பதினான்கு வருட அனுபவம். அவனும் கேட்கச் சொன்னான். தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கரூர்க்காரன் எழுதியது:

ரொம்ப யோசிக்காதீங்க தம்பி. ஏதாவது ஒரு சங்கத்தில் பணம் கட்டி மெம்பர் ஆகுங்கள், ஒரு சீல் செய்துகொள்ளுங்கள். பேங்கில் மேனேஜர் பழக்கம் இருந்தால் வேலை தானாக வரும். எங்கள் பக்கம் பல பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

தோப்புக்காரி, பொள்ளாச்சி, எழுதியது:

கரூர் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த சீலை வைத்துக்கொண்டு இன்றைக்கு வண்டி ரொம்ப தூரம் ஓடாது. தம்பி, நான் நிலம் கட்டடம் பிரிவில் பதிவு பெற்ற வேல்யூயர். அப்பாவும் இதே தொழில். அதனால் இரண்டு காலத்துக் கதையும் தெரியும்.

அப்பா காலத்தில் 34ஏபி என்பார்கள். 1957-ஆம் வருட செல்வ வரிச் சட்டத்தின் பிரிவு அது, வருமான வரித் துறையிடம் பதிவு. சிவில் பட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதன் மேல் பத்து வருடத் தொழில் அனுபவம் கேட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை. கட்டட மதிப்பீட்டுக்கு வாங்கிய பதிவு விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதற்குத் தனிப் பிரிவு, வேளாண்மைப் படிப்பு என்று வேறு தகுதி. நம் பக்கம் பத்துச் சொத்தில் ஏழு தோட்டம். தோட்டத்து வீட்டுக்கு இவர் மதிப்புப் போடலாம், வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்துக்குப் போட முடியாது! 2015 பட்ஜெட்டில் செல்வ வரியே ஒழிந்தது. அதற்குப் பிறகும் அந்தப் பதிவுக்கு பேங்குகளில் மரியாதை இருந்தது.

இப்போது நீங்கள் போக வேண்டிய வழி கம்பெனிச் சட்டம் 2013, 247-ஆம் பிரிவு. அதற்கான விதிகள் 2017 அக்டோபரில் வந்தன. பதிவு கொடுப்பது ஐ.பி.பி.ஐ., அதாவது திவால் வாரியம். திவாலுக்கும் உங்கள் தங்கச்சி வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மதிப்பீட்டாளர்களைக் கவனிக்கும் அதிகாரத்தை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மொத்தம் மூன்று பிரிவு: நிலமும் கட்டடமும், இயந்திரத் தளவாடம், பங்கு மற்றும் நிதிச் சொத்து. நமக்கு முதலாவது.

சிவில், ஆர்க்கிடெக்சர், டவுன் பிளானிங் இவற்றில் ஒன்றில் பட்டம், பட்டத்துக்குப் பிறகு அந்தத் துறையில் ஐந்து வருட அனுபவம். முதுநிலைப் பட்டம் என்றால் மூன்று வருடம். உங்கள் சைட் அனுபவம் தாராளமாகச் செல்லும், வேல்யூயரிடம்தான் இருந்திருக்க வேண்டும் என்றில்லை. பழைய கம்பெனியில் அனுபவச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் நாளைக்கே பெருந்துறைக்கு வண்டியை எடுங்கள். பத்து வருடம் கழித்துப் போய் நின்றால் ஆபீசும் இருக்காது, கையெழுத்துப் போட்ட ஆளும் இருக்க மாட்டார்.

நண்பருக்குத்தான் கஷ்டம். டிப்ளமோ மட்டும் வைத்து இந்தப் பதிவு வாங்க முடியாது. பட்டம் முடித்த பிறகு வரும் அனுபவம்தான் கணக்கு, அதனால் அந்தப் பதினான்கு வருடமும் எண்ணிக்கையில் வராது. இந்தப் பதிவுக்கான வகுப்பில் என்னோடு இருந்த ஒருத்தர் டிப்ளமோக்காரர். கோவை தடாகம் ரோடு அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) பகுதி நேரமாக பி.இ. முடித்து, அதற்கப்புறம் ஐந்து வருடம் காத்திருந்து வந்தார். எங்களில் முதல் தடவையே பாஸானவர் அவர்தான்.

தகுதி இருந்தால் முதலில் ஒரு ஆர்.வி.ஓ.வில் சேர வேண்டும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அமைப்பு என்று பெயர். கரூர் அண்ணா சொன்ன சங்கம் வேறு, இது வேறு. இது ஐ.பி.பி.ஐ. அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அங்கே 50 மணி நேர வகுப்பு. அப்புறம் கம்ப்யூட்டரில் பரீட்சை, இரண்டு மணி நேரம், 60 சதவீதம் எடுத்தால் பாஸ். தப்பான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழிப்பார்கள், அதனால் குருட்டாம்போக்கில் அமுக்கக் கூடாது. கட்டடத் தேய்மானம், வாடகையை வைத்து மதிப்புப் போடுவது எல்லாம் நமக்குப் புரிந்துவிடும். சிவில் ஆட்கள் மாட்டிக்கொள்வது பொருளாதாரத்திலும் கணக்குப் பதிவிலும் சட்டத்திலும்தான். சொத்துரிமை மாற்றச் சட்டம், பதிவுச் சட்டம், நில எடுப்புச் சட்டம் என்று வரிசையாக நிற்கும். நான் ஒரு தடவை ஃபெயில். பாலன்ஸ் ஷீட்டைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

பாஸான மூன்று வருடத்துக்குள் ஆர்.வி.ஓ. பரிந்துரையோடு ஐ.பி.பி.ஐ.க்கு விண்ணப்பிக்க வேண்டும். தனி நபருக்கு விண்ணப்பக் கட்டணம் 5,000 ரூபாய், திரும்பி வராது. பதிவு வந்ததும் ஆர்.வி.ஓ.விடம் தொழில் செய்வதற்கான சான்றும் வாங்க வேண்டும். அதோடு முடியாது. வருடா வருடம் தொடர்கல்வி உண்டு. செய்த வேலையின் காகிதங்களைக் குறைந்தது மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

சரி, காகிதக் கதை முடிந்தது. உங்கள் இருபது நிமிடத்துக்கு வருகிறேன்.

2021-ல் கிணத்துக்கடவு பக்கம் நாலு ஏக்கர் தோப்பு ஒன்று பார்த்தேன். காய்ப்பு மரம், நல்ல கிணறு, இலவச மின்சார சர்வீஸ், சொட்டு நீர். பி.ஏ.பி., அதாவது பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டப் பாசனமும் உண்டு. பி.ஏ.பி.யில் நாலு மண்டலம், முறை வைத்துத்தான் தண்ணீர். தண்ணீர் வருகிற சமயம் பார்க்கிற தோப்பு வேறு, வராத சமயம் பார்க்கிற தோப்பு வேறு. அதையெல்லாம் யோசித்தேன். கிணற்றில் பங்கு யாருக்காவது இருக்கிறதா, சர்வீஸ் யார் பேரில் என்று கேட்டேன். மரத்தை எண்ணினேன். எஃப்.எம்.பி., அதாவது சர்வே துறையின் நில அளவை வரைபடத்தை எடுத்து அளவைச் சரிபார்த்தேன். பத்திரத்தில் செக்குபந்தியும், அதாவது நாலு பக்க எல்லையும், பொருந்தியது.

உள்ளே போனது ஒரு இட்டேரி வழியாக. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் பன்னிரண்டு அடி மண் தடம், என் கார் சிரமமில்லாமல் போனது. அறிக்கையில் 'தட வசதி: உண்டு' என்று போட்டேன். எஃப்.எம்.பி.யை அளவுக்காகப் பார்த்தேனே தவிர, தடத்துக்காகப் பார்க்கவில்லை. அந்த இட்டேரியில் கடைசி இருநூறு அடி வரைபடத்திலேயே கிடையாது. அது கடன் வாங்கியவரின் பெரியப்பா பட்டாவில் இருந்த நிலம். பங்காளிகள் சுமுகமாக இருந்தவரை தடம் இருந்தது. பாகத் தகராறு வந்தது, ஒரே ராத்திரியில் கம்பி வேலி வந்துவிட்டது. கடனும் நின்றுபோய் பேங்க் ஏலத்துக்குக் கொண்டு வந்தபோது, வந்து பார்த்தவர்கள் வேலியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார்கள். தடம் இல்லாத தோப்பை யார் வாங்குவார்கள்? தேங்காயைத் தலையில் சுமந்தா கொண்டு வருவது? ஒரு வருடம் அந்த பேங்க் எனக்கு வேலை கொடுக்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். 'தடம் கேட்டியா, பாத்தியம் கேட்டியா?' என்று மட்டும் கேட்டார். பாத்தியம் என்றால் அந்தத் தடத்தில் போகும் உரிமை. இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துதான் உள்ளே போகிறேன்.

இதற்கு ஒரு பழக்கம் வர வேண்டும். ஒரு நல்ல வேல்யூயரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு மாதம் சுற்றுங்கள், சம்பளம் கேட்காதீர்கள். அப்புறம், தங்கச்சி வீட்டுக்கு வந்தவர் மோர் குடிக்கும்போது அம்மாவிடம் என்ன பேசினார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த வேல்யூயரை எனக்குத் தெரியாது. சும்மா ஒரு சந்தேகம்.

பழைய மேனேஜர், ஈரோடு, எழுதியது:

முப்பத்தொரு வருடம் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவன். பொள்ளாச்சி அம்மணி விட்டதை மட்டும் சொல்கிறேன்.

ஐ.பி.பி.ஐ. பதிவு கம்பெனிச் சட்டத்துக்கும் திவால் சட்டத்துக்கும் கட்டாயம். வீட்டுக் கடனுக்கு அந்தந்த பேங்க் தன் இயக்குநர் குழு வகுத்த கொள்கைப்படி பேனல், அதாவது தன் வேல்யூயர்கள் பட்டியல், வைத்துக்கொள்ளும். பதிவு கிடைத்ததும் வேலை வந்து குவியும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பேங்கின் மண்டல அலுவலகத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போட வேண்டும், அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். 50 கோடி ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்துக்கு ரிசர்வ் பேங்க் விதிப்படி இரண்டு பேர் மதிப்பீடு வேண்டும். புது ஆளுக்கு அந்த வேலையெல்லாம் வராது. சின்ன சின்ன சைட்டும் ஓட்டு வீடும்தான் வரும். பெட்ரோல் செலவு போக மிஞ்சுவது கொஞ்சம். அதனால் ஈரோட்டு வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள்.

பல புது ஆட்கள் கைடுலைன் மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பை, எடுத்து அதன் மேல் ஒரு சதவீதத்தைக் கூட்டி அறிக்கை தருவார்கள். நான் திருப்பி அனுப்பிவிடுவேன். 2017 ஜூனில் அரசு கைடுலைனை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டுபோனது. அந்த இரண்டு நாளிலும் பெருந்துறை ரோட்டில் யாராவது சைட் விலையைக் குறைத்தார்களா, ஏற்றினார்களா? பத்திரத்தில் எழுதுகிற தொகையும் கை மாறுகிற தொகையும் வேறு என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். உண்மை விலையை விசாரித்துக் கண்டுபிடிக்கத்தான் உங்களுக்கு ஃபீஸ்.

இன்னொன்று, மனையில் வீடு என்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் அது 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா, வரன்முறை ஆகியிருக்கிறதா என்பதை விட்டுவிட்டு டைல்ஸ் கம்பெனி பேரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கரூர் நண்பரே, மேனேஜர் பழக்கம் என்றீர்கள். பழக்கமுள்ள மேனேஜர்தான் 'சார், இன்னும் அஞ்சு லட்சம் ஏத்திப் போடுங்க' என்று போன் பண்ணுவார். நானும் ஒரு காலத்தில் பண்ணியிருக்கிறேன், டார்கெட் அப்படி. பவானி பக்கத்து வேல்யூயர் ஒருத்தர், 'நீங்க எழுத்தில் கேளுங்க சார், நான் எழுத்தில் பதில் சொல்றேன்' என்றார். போனை வைத்துவிட்டேன். அப்புறம் எனக்கு நிஜமாக மதிப்புத் தெரிய வேண்டிய சொத்துக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிட்டேன்.

கோபி சிவில் எழுதியது:

அக்காவுக்கும் சாருக்கும் ரொம்ப நன்றிங்க. நண்பனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் பகுதி நேர பி.இ.க்கு எப்போது விண்ணப்பம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான். பெருந்துறைக்குச் சனிக்கிழமை போகிறேன்.

அம்மாவிடம் கேட்டேன் அக்கா. 'அவரு நல்ல மனுசன். பக்கத்து சைட் எப்ப வித்தாங்க, யாரு வாங்குனாங்க, ஐப்பசி மழைக்குத் தண்ணி எந்தப் பக்கம் நிக்கும்னு கேட்டாரு. போன மழைக்கு வாசப்படி வரைக்கும் வந்ததைச் சொன்னேன்' என்றது. தங்கச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். கடன் தொகை அவள் எதிர்பார்த்ததைவிட ஏன் குறைந்தது என்று இப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.